காமராஜரும் பள்ளிச் சீருடையும்

எமது கல்லூரித் தமிழ் மன்றம் கடந்த தவணையில் ஒரு விவாத அரங்கை நடத்தியது. பாடசாலைச் சீருடை மாணவரிடையே கேலியையும் துன்புறுத்தலையும் குறைக்கிறதா என்பது தலைப்பு. குறைக்கிறது என்ற அணியில் நானும் ஒருத்தி. எல்லோரும் ஒரே உடை உடுத்தால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை, வசதியற்ற வீட்டுப் பிள்ளை என்ற வேற்றுமை கண்ணுக்குத் தெரியாது என்று எமது அணி வாதித்தது. கேலி செய்ய நினைப்பவருக்கு உடைதான் வேண்டுமென்பதில்லை. பேச்சு, நிறம், ஊர், தகப்பனின் தொழில் எதுவும் போதும் என்று எதிரணி வாதித்தது. இரு பக்கத்தாரும் நன்றாகவே பேசினோம். ஆனால் பிள்ளைகளின் உடையை அரசாங்கத்தின் கவலையாக எண்ணியவர்கள் யார், எதைக் கண்டு அப்படி எண்ணினார்கள் என்ற கேள்வி அரங்கில் எழவில்லை. அந்தக் கேள்வியோடு நூலகத்துக்குப் போனபோது என்னை நிறுத்தி வைத்தது காமராஜரின் வாழ்க்கை. தாம் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருவர், பல இலட்சம் பிள்ளைகளைப் பள்ளிக்குள் கொண்டுவந்த கதை அது.

மலையகத்தில் காமராஜர் என்பது அந்நியப் பெயரன்று. எனது ஊர் வட்டவளை. கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் வழியில் இருக்கிறது. எங்கள் கடைவீதியில் வாப்பாவின் தையல் கடைக்கு வரும் தோட்டத்துப் பெரியவர்கள் காமராஜரையும் எம்.ஜி.ஆரையும் தங்கள் சொந்தக்காரரைப் போலப் பேசக் கேட்டிருக்கிறேன். அதில் வியப்பில்லை. அவர்களுடைய பாட்டன் பூட்டன்மார் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் என்று தமிழ்நாட்டின் ஊர்களிலிருந்து வந்தவர்கள். காமராஜர் பிறந்த விருதுபட்டியும் பழைய இராமநாதபுர மாவட்டத்தைச் சேர்ந்ததே. இன்று அது விருதுநகர்.

1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் திகதி அவர் பிறந்தார். தந்தை குமாரசாமி, தாய் சிவகாமி அம்மாள். குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்று பெயரிட்டார்கள். தாய் ராஜா என்று அழைத்தார். இரண்டும் சேர்ந்து காமராஜ் ஆயிற்று. நாகம்மாள் என்று ஒரு தங்கை. சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட, குடும்பம் தாயின் நகைகளை விற்ற பணத்தின் சிறு வருமானத்திலும் உறவினர் ஆதரவிலும் வாழ்ந்தது.

அவர் பிறந்த சமூகத்தின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் அவர் செய்தவற்றை விளங்கிக்கொள்ள முடியாது. அவர் நாடார் சமூகத்தவர். தென்திருவிதாங்கூரில் அச்சமூகப் பெண்களுக்கு மார்பை மூட மேலாடை அணியும் உரிமையே மறுக்கப்பட்டிருந்தது. ஒருத்தி என்ன உடுத்தலாம் என்பதை அவளுடைய சாதி தீர்மானித்தது. மீறி உடுத்தியவர்கள் சந்தையிலும் தெருவிலும் தாக்கப்பட்டார்கள். பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னர் 1859இல்தான் மன்னர் அரசு அவர்கள் மேலாடை அணிய அனுமதித்து அறிக்கை வெளியிட்டது. அதையும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வெளியிட்டது. வரலாற்றில் இதைத் தோள்சீலைப் போராட்டம் என்பர். விருதுபட்டிக்கு அருகிலுள்ள சிவகாசியில் கோயில் நுழைவு குறித்த பகை 1899இல் பெருங்கலவரமாக வெடித்தது. காமராஜர் பிறந்தது அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர். உடை என்பது மானத்தின் பெயர் என்பதைப் பாட்டிமாரின் வாயிலாக அறிந்த தலைமுறை அது.

அந்தச் சமூகம் அழுதுகொண்டிருக்கவில்லை. வியாபாரிகள் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கை மகமை என்று பொதுவுக்கு ஒதுக்கினார்கள். வீட்டுப் பெண்கள் ஒவ்வொரு நாளும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தார்கள். அப்படிச் சேர்ந்த அரிசியில் நடந்தது விருதுபட்டியின் சத்திரிய வித்தியாசாலை. காமராஜர் படித்தது அந்தப் பிடியரிசிப் பள்ளியில். பிற்காலத்தில் அவர் செய்த பலவற்றுக்கும் விதை இங்கே கிடைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அவருடைய வரலாற்றை எழுதியோர் பலரும் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. பள்ளியில் விநாயகர் சதுர்த்தி. எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே அளவு காசு வாங்கினார்கள். பூசை முடிந்து பொரியும் தேங்காயும் பழமும் பங்கிடும்போது பிள்ளைகள் முண்டியடித்தார்கள். தள்ளிக்கொண்டு முன்னே போனவர்களுக்குக் கை நிறையக் கிடைத்தது. ஒதுங்கி நின்ற காமராஜுக்குக் கடைசியில் கொஞ்சம் மிச்சம்தான். வீட்டுக்கு வந்ததும், ஏன் உனக்கு மட்டும் இவ்வளவு குறைவு என்று பாட்டி கேட்டார். எல்லோரிடமும் சமமாக வாங்கியவர்கள் சமமாகக் கொடுத்திருக்க வேண்டும், தள்ளாமல் நின்றதில் தம் பிழை ஒன்றுமில்லை என்ற கருத்தில் சிறுவன் பதில் சொன்னானாம்.

இச்சம்பவத்தை நான் பலமுறை யோசித்தேன். பள்ளிகளில் கேலியும் தள்ளுமுள்ளும் நடக்கும்போது நாம் தள்ளிய பிள்ளையைத் தேடிப் பிடித்துத் தண்டிக்கிறோம். அந்தச் சிறுவன் பார்த்தது வேறு. தள்ளினால்தான் கிடைக்கும் என்று ஏற்பாடு இருந்தால் பிள்ளைகள் தள்ளத்தான் செய்வார்கள். மாற்ற வேண்டியது முதலில் ஏற்பாட்டை. முதலமைச்சரான பின்னும் அவர் பார்த்த பார்வை இதுவே.

ஆறாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றது. மாமன் கருப்பையாவின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்த்தார்கள். எத்தனையோ வாழ்க்கை வரலாறுகள் இந்த இடத்தை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. தையற்காரரின் மகளான எனக்கு அப்படிக் கடக்க முடியவில்லை. துணிக்கடையில் நிற்கும் பிள்ளைக்கு ஊரின் நிலைமை முழுவதும் தெரிந்துவிடும். யார் எந்த ரகத்தைக் கேட்கிறார்கள், யார் விலையைக் கேட்டுவிட்டுத் துணியை மெல்லத் திரும்ப வைக்கிறார்கள், யார் ஒரு முழம் குறைத்து வாங்குகிறார்கள் என்பதெல்லாம் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கே தெரியும். படிக்கும் வயதில் படிப்பை இழந்து, மற்றவர்களுக்குத் துணி அளந்து கொடுத்த அந்தச் சிறுவனே பின்னாளில் சீருடை பற்றி யோசித்தார் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடையில் இருந்தபடியே பத்திரிகைகளை வாசித்தார்; கூட்டங்களுக்குப் போனார். 1919இல் ஜாலியன்வாலாபாக்கில் நடந்த படுகொலை அவரை உலுக்கியது. அரசியலிலிருந்து விலக்கி வைக்கலாம் என்று குடும்பத்தார் திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமனின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். அது பலிக்கவில்லை. காங்கிரசில் சேர்ந்து, 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் பங்குகொண்டு, அலிப்பூர்ச் சிறைக்குப் போனார். அதன் பின்னர் பலமுறை சிறை. எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள். 1941இல் அவர் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தெரிவு செய்தார்கள். விடுதலையாகி வந்தவர், முழுமையாக வேலை செய்ய முடியாத பதவியை வைத்திருக்கக் கூடாது என்று அதை விட்டு விலகினார். சத்தியமூர்த்தியைத் தம் அரசியல் குருவாகக் கொண்டவர் அவர். 1940இல் தமிழ்நாட்டுக் காங்கிரசின் தலைவரானார்.

1954ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் திகதி சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். அதற்கு முன்பு இராஜாஜியின் அரசு 1953இல் ஒரு தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்பதிலும் செலவிட வேண்டும் என்பது அதன் சாரம். சலவைத் தொழிலாளியின் பிள்ளை துணி வெளுக்கவும் சக்கிலியரின் பிள்ளை செருப்புத் தைக்கவும் திரும்பிப் போக வேண்டுமா என்று கேட்ட எதிர்ப்பாளர்கள் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்தார்கள். பெரும் எதிர்ப்பின் பின்னர் காமராஜர் பதவிக்கு வந்ததும் அத்திட்டம் கைவிடப்பட்டது.

அமைச்சரவை அமைத்த விதத்திலும் கற்றுக்கொள்ள உண்டு. தலைமைப் பதவிக்குத் தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்தை ஒதுக்கவில்லை, அமைச்சராக்கினார். கல்வித்துறை அவரிடமே இருந்தது. பள்ளித் திட்டங்களை நடத்தியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. தோற்றவரை அவமானப்படுத்தாமல் அவருடைய திறமையைப் பயன்படுத்திக்கொள்வது எளிதன்று. வகுப்பறையில் ஒரு மாணவத் தலைவி தெரிவு முடிந்த மறுநாள் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பரமேசுவரனிடம் அறநிலையத் துறையை ஒப்படைத்தார். முன்னர் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சமூகத்தவர் ஒருவரைக் கோயில் நிர்வாகிகள் மரியாதை செய்து வரவேற்க வேண்டிய நிலை வந்தது. இங்கும் அவர் போதனை செய்யவில்லை, ஏற்பாட்டை மாற்றினார்.

கல்வியில் அவர் எடுத்த அடிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலில் பள்ளி ஊருக்குள் வர வேண்டும். சிறு பிள்ளை நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். பள்ளிகள் பெருகின. பள்ளி வந்த பிறகும் பிள்ளைகள் வரவில்லை. பசிதான் காரணம். ஆடு மாடு மேய்க்கும் சிறுவர்களைச் சுற்றுப்பயணத்தில் சந்தித்து, பள்ளிக்குப் போனால் சோறு யார் தருவார் என்ற அவர்களுடைய பதிலால் அவர் சிந்தனையில் ஆழ்ந்த கதை ஊரறிந்தது. 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. ஏழைப் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாக் கல்வி விரிந்து, உயர்நிலைப் பள்ளியின் இறுதி வகுப்பான 11ஆம் வகுப்பு வரை எட்டியது. மதிய உணவை 1982இல் சத்துணவாக விரித்தவர் எங்கள் மலையகத்தில் பிறந்த எம்.ஜி.ஆர். என்பதை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பெருமையோடு சேர்த்துச் சொல்வார்கள்.

பசி தீர்ந்து பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு அடுத்த தடையாக உடை நின்றது. கிழிந்த சட்டையோடு ஒரு பிள்ளை, வெறும் மேலோடு ஒரு பிள்ளை, சரிகைக் கரை போட்ட உடையோடு ஒரு பிள்ளை என்று ஒரே வாங்கில் உட்கார்ந்தால், ஆசிரியர் பாடம் தொடங்கு முன்னரே யார் யார் என்ற பாடம் முடிந்துவிடுகிறது. ஏழைப் பிள்ளை தானாகவே பின்வரிசைக்குப் போகிறது. சில நாளில் வராமலே நின்றுவிடுகிறது. அதனால்தான் சாதி வேற்றுமையும் பணவேற்றுமையும் பிள்ளைகளின் கண்ணில் படக் கூடாது என்ற நோக்கத்தோடு சீருடை முறை ஊக்குவிக்கப்பட்டது. வாங்க முடியாத பிள்ளைகளுக்கு அது இலவசமாகக் கிடைக்க வழி செய்யப்பட்டது.

இதில் கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலுவின் உழைப்பு பெரியது. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்று ஊர் ஊராக நடத்தினார்கள். ஊர்மக்கள் முன்வந்து தங்கள் பள்ளிக்குத் தேவையான மேசை, வாங்கு, கரும்பலகை, கட்டடம், பிள்ளைகளுக்கு உடை என்று கொடுத்தார்கள். பிடியரிசிப் பள்ளியில் படித்தவர் முதலமைச்சரானதும் முழு மாகாணத்தையும் பிடியரிசி எடுத்து வைக்கச் சொன்னது போலிருந்தது அந்த இயக்கம்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சீருடை எப்போதும் சமத்துவத்துக்காகப் பிறந்ததன்று. இலண்டனில் 1552இல் தொடங்கிய கிறைஸ்ட்ஸ் ஹொஸ்பிட்டல் என்ற பள்ளியில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு நீல நிற நீண்ட அங்கியும் மஞ்சள் காலுறையும் கொடுத்தார்கள். தெருவில் அந்த அங்கியைக் கண்டால் தரும உடையில் போகும் பிள்ளை என்று எல்லோருக்கும் தெரியும். ஏழைக்கு மட்டும் கொடுத்து ஏழை மட்டும் உடுத்தினால், சீருடை வேற்றுமையை மறைக்காது, எடுத்துக் காட்டும். எல்லோரும் அதையே உடுத்தும்போதுதான் அது காப்பாகிறது. தமிழ்நாட்டுத் திட்டத்தின் பயன் இலவசத்தில் மட்டும் இருக்கவில்லை. வாங்கக்கூடியவரின் பிள்ளையும் அதே துணியை உடுத்தியதில் இருந்தது.

இனி எமது நாட்டுக்கு வருகிறேன். 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. ஆனால் அதன் ஒளி தோட்டத்துப் பிள்ளைகளை எட்டப் பல காலம் எடுத்தது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுடைய பெற்றோரை நாடற்றவராக்கியது. காமராஜர் அகில இந்தியக் காங்கிரசின் தலைவராக இருந்த 1964இல்தான் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது; 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களை எண்ணிப் பிரித்தார்கள். ஒரே அறை, ஒரே ஆசிரியர் என்றிருந்த தோட்டப் பாடசாலைகள் 1970களில்தான் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. இலவசச் சீருடைத் துணி 1993இல் ஜனாதிபதி பிரேமதாச காலத்தில் தொடங்கியது. இடையில் சில ஆண்டுகள் துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுத்தார்கள். பின்னர் மீண்டும் துணி வந்தது.

அந்தத் துணி எங்கள் கடைக்கு வரும் நாட்களை நான் சிறு வயதிலிருந்து பார்த்து வருகிறேன். வருட முடிவில் வாப்பாவுக்கு இரவும் பகலும் வேலை. தோட்டத்துத் தாய்மார் துணியை நீட்டிக்கொண்டு சொல்லும் அளவு ஒன்றுதான்: கீழே நிறைய மடித்துத் தைக்க வேண்டும். பிள்ளை வளர வளர மடிப்பை அவிழ்த்து இறக்கிக்கொள்ளலாம். வசதியுள்ள பிள்ளைக்கு ஆண்டுதோறும் புதுச் சீருடை. இவளுக்கோ அதே உடை மூன்று வருடம் வரும். மடிப்பை அவிழ்த்த இடத்தில் ஒரு கோடு நிற்கும். எத்தனை தடவை தோய்த்தாலும் அந்தக் கோடு போகாது. நான் ஆரம்பத்தில் படித்த ஒரு பாடசாலையில் அந்தக் கோடுகளை எண்ணிப் பகிடி பண்ணுவார்கள். இரண்டு கோடு என்றால் இரண்டு வருடப் பழைய உடை.

வட்டவளையின் மழையையும் சொல்ல வேண்டும். இலங்கையிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் எங்கள் ஊரும் ஒன்று. வெள்ளைச் சீருடை இரண்டு நாளானாலும் காயாது. லயத்தில் அடுப்புக்கு மேலே கொடியில் போட்டுத்தான் காய வைப்பார்கள். காலையில் உடுத்தும்போது புகை மணக்கும். அட்டை கடித்த இரத்தம் வெள்ளைக் காலுறையில் பரவி நிற்கும். வகுப்பில் எல்லோரும் ஒரே வெள்ளைதான். ஆனால் மூக்குக்கும் கண்ணுக்கும் யார் லயத்திலிருந்து வருகிறாள் என்று தெரிந்துவிடும். சிலர் மூக்கைப் பொத்துவார்கள். சீருடை ஒரு வாசலை அடைத்தால் கேலி இன்னொரு வாசலால் நுழைகிறது என்று எதிரணித் தோழி சொன்னது உண்மை.

ஆனால் அத்தோடு பேச்சு முடியவில்லை. வாப்பா ஒரு வேலை செய்தார். உடையின் கீழ்ப்பகுதியில் இரண்டு மூன்று வரி மடிப்புகளை வெளியே தெரியும்படி, அழகுக்கு வைத்தது போலத் தைக்கத் தொடங்கினார். தோட்டத்துப் பிள்ளைக்கும் கடைவீதி முதலாளிமாரின் பிள்ளைக்கும் எனக்கும் அதே மடிப்புத்தான். வளர வளர ஒவ்வொரு மடிப்பாக அவிழ்க்கலாம். மிச்ச மடிப்பும் கோடும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஓரிரு வருடத்தில் எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித் தைக்கக் கேட்டார்கள். அந்தக் கடைக்கு வந்த பிள்ளைகளிடையே கோடு எண்ணும் பகிடி தானாக அடங்கிற்று. யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை. காமராஜரின் பொரிக் கதையை வாசித்தபோது எனக்கு வாப்பாவின் தையல் இயந்திரம் நினைவுக்கு வந்தது.

சீருடை பற்றிப் பேசும்போது முஸ்லிம் மாணவியரான நாம் ஒதுக்கிச் செல்ல முடியாத இன்னொன்றும் உண்டு. 2022இல் கர்நாடகத்தின் உடுப்பியில் ஓர் அரசுக் கல்லூரியில் தொடங்கி, பர்தா அணிந்த மாணவியர் சீருடையின் பேரால் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். மார்ச் மாதத்தில் அம்மாநில உயர் நீதிமன்றம் அரசின் உத்தரவை ஏற்றது. ஒக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் வெவ்வேறு தீர்ப்புகளை வழங்கினார்கள். வெளியே நின்றபடி பரீட்சையைத் தவறவிட்ட பிள்ளைகளுக்கு அந்த மாதங்கள் திரும்பி வரவில்லை. எமது நாட்டிலோ வெள்ளை நிறம் எல்லோருக்கும் பொது. முஸ்லிம் மாணவி அதே வெள்ளையில் நீண்ட உடையும் காற்சட்டையும் பர்தாவும் அணிகிறாள். துணி ஒன்று, வெட்டு வேறு. இதனால் எந்த வகுப்பறையின் சமத்துவமும் குலைந்ததாக நான் காணவில்லை. காமராஜர் காலத்துச் சீருடையின் நோக்கம் வெளியே நின்ற பிள்ளையை உள்ளே கொண்டுவருவது. உள்ளே இருக்கும் பிள்ளையை வெளியே அனுப்ப அதே சீருடையைப் பிடிப்பவர்கள், அதன் நோக்கத்தைத் தலைகீழாக்குகிறார்கள்.

காமராஜரின் வாழ்க்கையில் மிஞ்சியதையும் சொல்லிவிடுகிறேன். கட்சிப் பணிக்காக மூத்தவர்கள் பதவியை விட வேண்டும் என்று திட்டம் தந்தவர், 1963 ஒக்டோபர் 2ஆம் திகதி முதலமைச்சர் பதவியைத் தாமே முதலில் துறந்தார். நேருவின் மறைவுக்குப் பின் 1964இல் சாஸ்திரியும் 1966இல் இந்திரா காந்தியும் பிரதமராவதில் பெரும் பங்கு வகித்தார். தாம் அந்த நாற்காலியை நாடவில்லை. படிக்காதவர், ஆங்கிலம் தெரியாதவர், கறுத்தவர் என்று அவரைக் கேலி செய்தோர் பலர். அவர் அதற்காகக் கோட்டும் சூட்டும் போட்டுக்கொள்ளவில்லை. முழங்கைக்குச் சற்று மேலோ கீழோ நிற்கும் வெள்ளைக் கதர்ச் சட்டை, கதர் வேட்டி, தோளில் துண்டு. 1966இல் சோவியத் நாட்டுக்குப் போனபோதும் வேட்டியை மாற்றவில்லை. பிள்ளைகளுக்குச் சீருடை தந்தவர் தாமும் வாழ்நாள் முழுவதும் ஒரே சீருடையில் வாழ்ந்தார் என்று சொல்லலாம்.

தம் குடும்பத்துக்கென்று தனி மடிப்பு எதையும் அவர் வைக்கவில்லை. விருதுநகரில் தாயின் வீட்டுக்குள் நகராட்சி தனியாகக் குடிநீர்க் குழாய் போட்டுக் கொடுத்ததை அறிந்ததும் அதை எடுக்கச் செய்தார். தெருவில் எல்லோரும் குழாயடியில் நிற்கும்போது முதலமைச்சரின் தாய்க்கு மட்டும் வீட்டுக்குள் தண்ணீர் வரக் கூடாது என்பது அவர் எண்ணம். அந்தத் தாய்க்கு அது எவ்வளவு சிரமம் என்று எனக்கு வருத்தமும் உண்டு. ஆனாலும் முந்தியடிப்பவருக்கே கிடைக்கும் என்ற ஏற்பாட்டை எதிர்ப்பவர், தம் வீட்டுக்கு முந்தியடித்து வாங்கித் தர முடியாது.

1967 தேர்தலில் விருதுநகரிலேயே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். முடிவை ஏற்றுக்கொண்டார். 1975 ஒக்டோபர் 2ஆம் திகதி, காந்தி பிறந்த நாளில், சென்னையில் காலமானார். திருமணம் செய்யவில்லை. வாழ்ந்ததும் வாடகை வீடு. சில வேட்டி சட்டைகளும் சிறிது பணமும் புத்தகங்களுமே அவர் விட்டுச் சென்றவை. அடுத்த ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பாரத ரத்னா விருதை வழங்கியது.

இந்த வாழ்க்கையை வாசித்து முடித்த பின் எனக்குக் கிடைத்த விடை இதுதான். சீருடை மட்டும் கேலியை நிறுத்தாது. காமராஜர் சீருடையை முதலில் கொண்டுவரவில்லை என்பதைக் கவனியுங்கள். பள்ளி வந்தது, சோறு வந்தது, சம்பளம் நீங்கியது; அவற்றோடுதான் துணி வந்தது. பசித்த வயிற்றின் மேல் போட்ட வெள்ளைச் சட்டை எதையும் மறைக்காது. எங்கள் மலையகத்தில் துணி வந்திருக்கிறது. கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளுக்குச் சப்பாத்து வவுச்சரும் வந்திருக்கிறது. உடை காயப் போட இடமில்லாத லயம் அப்படியே இருக்கிறது. சமத்துவம் தைக்கப்பட வேண்டிய இடம் இனி அங்கேயும் இருக்கிறது.

ஆயினும் சீருடை வீண் என்று சொல்ல மாட்டேன். ஆயிரம் கேலிகளில் ஒரு கேலியையாவது அது பிள்ளையின் முகத்துக்கு வராமல் தடுக்கிறது. மீதியைத் தடுப்பது, அதே உடையை உடுத்திக்கொண்டு பக்கத்தில் உட்காரும் நம் வேலை. அடுத்த தவணையில் விடுதிக்குத் தோட்டப் பாடசாலைகளிலிருந்து புதிய தங்கைகள் சிலர் வருவார்கள். அவர்களுடைய உடையில் புகை மணக்கலாம். ஓரத்தில் ஒரு கோடு தெரியலாம். விடுதி முற்றத்தில் வெயில் விழும் கொடி முழுவதையும் மூத்த வகுப்பார் நாங்களே பிடித்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. அந்தக் கொடியில் பாதியை முதல் நாளிலிருந்தே அவர்களுக்கு ஒதுக்கிவிட வேண்டும் என்று விடுதிப் பொறுப்பாசிரியையிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.